பதினேழாம் எண்ணில் யாருமில்லை

போன மாதம் செல்வி போன் பண்ணினாள். பாளையங்கோட்டையில் நான் வேலை பார்த்த மொழிபெயர்ப்பு அலுவலகத்தை இப்போது அவள்தான் நடத்துகிறாள்.

"பாய், இப்ப எல்லாத்தையும் கம்ப்யூட்டரே மொழிபெயர்த்துத் தந்துருது. நான் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுதேன், அவ்வளவுதான். ஒரு பஞ்சாயத்து முடிவுல 'ஊர் விலக்கு'ன்னு வருது. 'எக்ஸ்க்ளூஷன்'னு போட்டிருக்கு. அப்படியே விட்டுரட்டுமா?"

விட்டுவிடு என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் போனை வைத்திருக்கலாம். எனக்குத்தான் அந்தக் குணம் கிடையாதே. "அந்த விலக்கு அந்த ஆளை என்ன பண்ணுதுன்னு பாத்தியா?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். "மேடம் மாதிரியே கேக்கீங்க பாய். இதை எல்லாம் எழுதித்தான் குடுங்களேன், எங்களுக்கு உதவும்" என்றாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். உதவுமா என்று படித்துவிட்டு அவளே சொல்லட்டும்.

நான் மேலப்பாளையத்துக்காரன். மதரஸாவில் கொஞ்சம் அரபு, கல்லூரியில் கொஞ்சம் ஆங்கிலம், டைப் இன்ஸ்டிட்யூட்டில் இரண்டு கை வேகம். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் திரிந்தபோது ஒரு வக்கீல் குமாஸ்தா என்னை, அப்போது அந்த அலுவலகத்தை நடத்திவந்த ஞானசுந்தரி மேடத்திடம் கொண்டுபோய் விட்டார். மேடம் என்னைவிட இரண்டு வயது இளையவர். வயதில் சின்னவரிடம் போய் வேலை பழகுவதா என்று முதல் வாரம் முழுக்க எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. இரண்டாவது வாரம் அதை நினைக்க நேரம் இருக்கவில்லை. முப்பத்து நான்கு வருடம் அங்கேயே ஓடிவிட்டது.

வக்கீல்கள் தமிழ் ஆவணங்களைக் கொண்டுவந்து தருவார்கள். பத்திரம், உயில், சாட்சி வாக்குமூலம், கோயில் நோட்டு, பள்ளிவாசல் நோட்டு, எது வேண்டுமானாலும் வரும். மேல்முறையீட்டுக்குப் போகும்போது அதற்கெல்லாம் ஆங்கிலம் வேண்டும். நாங்கள் ஆங்கிலமாக்கி, உண்மையான மொழிபெயர்ப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவோம்.

மேடத்தின் முறை கறாரானது. முதல் வாசிப்பில் கையில் பேனா இருக்கக் கூடாது. இரண்டாவது வாசிப்பில், ஒரு மனிதரை ஏதாவது செய்கிற சொற்களை மட்டும் அடிக்கோடிட வேண்டும். பிறகுதான் மொழிபெயர்ப்பு. கடைசியில் ஒப்புநோக்கல். மேடம் மூலத்தைச் சத்தமாக வாசிப்பார். நான் மொழிபெயர்ப்பில் விரலை வைத்துக்கொண்டு வரிக்கு வரி பதில் வாசிப்பேன். முத்திரை, அடித்தல், பெருவிரல் ரேகை, மை சிந்தின இடம் எல்லாவற்றையும் வாசிப்பார். "இங்கன ஒரு அடித்தல், மூணு எழுத்து, படிக்க முடியல" என்று அவர் சொன்னால் என் தாளிலும் அது இருக்க வேண்டும். ஒருவரே இரண்டு தாளையும் வைத்துக்கொண்டு ஒப்பிடுவது அங்கே பெரிய குற்றம். கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும், வாய்க்கும் காதுக்கும் அந்த வசதி இல்லை என்பார். இன்னொரு குற்றம், புரியாத சொல்லுக்கு வழக்குப் போட்டவரிடமே அர்த்தம் கேட்பது. அவர் தனக்குச் சாதகமாகத்தான் சொல்லுவார் என்பது மேடத்தின் கணிப்பு.

மேடத்திடம் ஒரு நீள நோட்டு இருந்தது. ஒரு ஆளை வெளியே வைப்பதற்கு எந்தெந்த மொழி என்னென்ன சொல்கிறது என்று மட்டும் அதில் எழுதி வந்தார். எங்களுக்கு வரும் வழக்குகளில் பாதி அதுதானே. பாகத்தில் சேர்க்கவில்லை, கோயிலில் சேர்க்கவில்லை, சங்கத்தில் சேர்க்கவில்லை. அவர் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இந்தச் சொல்லு அந்த ஆளை என்ன பண்ணுது பாய்?"

ஆங்கிலத்தின் எக்ஸ்க்ளூடு லத்தீனிலிருந்து வந்தது, வெளியே விட்டுக் கதவை மூடுவது. எக்ஸெப்ட் என்றால் வெளியே எடுப்பது, அங்கே கதவு கிடையாது, கை மட்டும். பழைய தாசில் காகிதங்களில் வேலைநீக்கத்துக்குப் பர்தரப்பு என்று ஒரு சொல் வரும். பாரசீகம், ஒரு பக்கமாக வைப்பது. நம்முடைய விலக்கும் கிட்டத்தட்ட அதுதான், வழியில் நிற்பவரை ஓரமாக நகர்த்துவது. சாதிப் பிரஷ்டம் என்று ஒரு பழைய தீர்மானத்தில் வந்தபோது மேடத்துக்குக் கோபமே வந்துவிட்டது. சமஸ்கிருதத்தில் அதற்கு விழுந்தது என்று பொருள். "தள்ளினது யாருன்னே இல்ல பாத்தீங்களா. அவராவே விழுந்த மாதிரில்லா எழுதிருக்காங்க" என்றார். கிரேக்கத்தில் பானை ஓட்டுச் சில்லில் பெயர் கீறிப் போட்டு ஊரைவிட்டு அனுப்புவார்களாம். ஆங்கிலத்தில் ஆஸ்ட்ரசைஸ் என்கிற சொல் அந்தச் சில்லிலிருந்துதான் பிறந்ததாம். ஆனால் போனவருடைய சொத்தை யாரும் தொடக் கூடாது, பத்து வருடம் கழித்து அவர் திரும்பி வரலாம். இதைப் படித்த அன்று மேடம் எல்லோருக்கும் சுக்குக் காபி வாங்கிக் கொடுத்தார்.

அந்த நோட்டுக்கு நானும் ஒன்று கொடுத்தேன். எங்கள் ஊர்ப் பாகப்பிரிவினை ஒன்றில் ஒரு பேரனுக்குப் பங்கு இல்லை என்று வந்தது. எங்கள் வாரிசுச் சட்டத்தில் இதற்கு அரபியில் ஹஜ்ப் என்று பெயர். திரை என்று அர்த்தம். நெருங்கின வாரிசு முன்னால் நின்றால் பின்னால் இருப்பவர் மறைந்துபோகிறார். மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்போ கதவ மூடல. அவரு உள்ளதான் இருக்காரு. முன்னால ஒருத்தர் நிக்கதால தெரியல. அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மேடம்."

"முன்னால நிக்கவரு விலகிட்டா?"

"இவரு தெரிவாரு."

அன்று மத்தியானம் மேடம் வேலை எதுவும் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிறுவயதிலிருந்து எனக்குப் பழகிப்போன சொல் அது. அதற்குள் ஒரு திரை தொங்குகிறது என்று அன்றைக்குத்தான் எனக்கும் உறைத்தது.

இவ்வளவும் தெரிந்தவன் செய்த தப்பைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

மிக்கேல் என்று ஒருவர், பேட்டையில் ஒரு பட்டறையில் இரும்புக் கதவுகளுக்கு வெல்டிங் அடிப்பவர். நாற்பத்து மூன்று வயது. சொந்த ஊர் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமம், கத்தோலிக்க மீனவர்கள் ஊர். அங்கே கரைமடி இழுப்பார்கள். வள்ளத்தில் பெரிய வலையைக் கொண்டுபோய் வளைத்துப் போட்டு, கரையில் நின்று இரண்டு பக்கமும் கயிறு பிடித்து இழுப்பது. கரை ஒன்று, வலைகள் பல என்பதால் எண் வரிசைப்படி குடும்பங்கள் முறை எடுத்துக்கொள்ளும். வருடத்துக்கு ஒருமுறை, கோயில் திருவிழா முடிந்த மறுநாள், ஊர்க் கமிட்டி அந்த வரிசையைப் புது நோட்டில் எழுதி ஊர் முன்னால் வாசிக்கும். அதற்கு முறை நோட்டு என்று பெயர்.

அந்த ஊரில் ஒரு சாவு விழுந்தால் அன்று யாரும் கடலில் இறங்கக் கூடாது. மிக்கேலின் அப்பா சூசை இறங்கிவிட்டார். "மீனு கரையோரமா வந்து கொதிக்குது அண்ணாச்சி. வீட்டுல நாங்க அஞ்சு உருப்படி, ரெண்டு நாளா அடுப்பு சரியா எரியல. அப்பா வள்ளத்தத் தள்ளிட்டாவ" என்று மிக்கேல் சொன்னார். அதற்குப் பிறகு ஊரில் யாரும் அவர்களோடு பேசவில்லை. குடும்பம் பேட்டைக்கு வந்தது. அப்பா பட்டறைகளில் சுமை தூக்கிப் பிழைத்து இங்கேயே இறந்தார். அப்போதும் ஊரிலிருந்து யாரும் வரவில்லை.

மிக்கேல் வழக்குப் போட்டார். எங்கள் குடும்பம் அந்த ஊர்க் குடும்பம்தான், எங்களை விலக்கியது செல்லாது என்று. கமிட்டி சொன்ன பதில் ஒரே வரி: நாங்கள் யாரையும் விலக்கவில்லை. நீதிமன்றம் கேட்டதும், சூசை ஊரைவிட்டுப் போன பிறகு எழுதின நோட்டுகளை எல்லாம் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். விலக்கு, தள்ளிவைப்பு, நீக்கம் என்று ஒரு சொல் எந்த நோட்டிலும் இல்லை. வழக்கு தள்ளுபடி ஆனது. மேல்முறையீட்டுக்காக அந்த நோட்டுகளின் நகல் முழுவதும் எங்களிடம் வந்தது.

"உமக்கு என்னவே வேணும்? மடி இழுக்கப் போறீரா?" என்று மிக்கேலிடம் ஒருநாள் கேட்டேன். இதைக் கேட்கலாம், அர்த்தம்தான் கேட்கக் கூடாது.

"எனக்கு நீச்சலே தெரியாது அண்ணாச்சி. முறை வாசிக்கயில எங்க அப்பா பேரை ஒருக்க அங்கன வாசிக்கணும். அப்பா சாகும்போது அதைத்தான் கேட்டாவ. வேற ஒண்ணும் வேண்டாம்."

முதல் கட்டு நோட்டுகள் வந்த வாரம் மேடம் தங்கச்சி வீட்டுக்குக் களக்காடு போயிருந்தார். வக்கீல் அவசரப்படுத்தினார். வெறும் பெயர்ப் பட்டியல்தானே, இதில் என்ன இருக்கிறது என்று டைப்பிஸ்டிடம் கொடுத்துவிட்டேன். ஒப்புநோக்கலையும் நானே தனியாகச் செய்தேன். ஒரு இடத்தில் மட்டும் இடறியது. மூலத்தில் கடைசி எண் நாற்பத்து மூன்று, எங்கள் தாளில் நாற்பத்து இரண்டு. நடுவில் எங்கோ எண் போட்டுப் பெயர் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் அந்த வெற்று வரியை மூடி எண்களைத் தொடர்ச்சியாக்கிவிட்டது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஊர்க்காரர்களுக்கு எண்ணத் தெரியவில்லை, கம்ப்யூட்டர் சரிபண்ணியிருக்கிறது என்று நினைத்தேன். உண்மையான மொழிபெயர்ப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தும்விட்டேன்.

இரண்டாவது கட்டுக்கு மேடம் வந்துவிட்டார். ஒப்புநோக்க உட்கார்ந்தோம்.

"பதினாறு, கஸ்பார்" என்று வாசித்தார்.

"பதினாறு, கஸ்பார்" என்றேன்.

"பதினேழு" என்றார். நிறுத்தினார்.

"பதினேழு, தொம்மை" என்றேன்.

"இல்ல. பதினேழு. யாருமில்ல. பதினெட்டு, தொம்மை."

"எழுத விட்டுப்போச்சு போல மேடம்" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் முதல் கட்டு நோட்டுகளின் நகலையும் எடுத்துவரச் சொன்னார். மொத்தம் முப்பத்தொன்று. மேசை போதாமல் தரையிலும் பெஞ்சிலும் விரித்து வைத்தோம், எல்லாம் முறை எழுதின பக்கத்தில். ஒவ்வொன்றிலும் பதினேழு என்ற எண் இருந்தது. எதிரே யாருமில்லை. எழுதியவர்கள் நாலு பேர் என்று கையெழுத்தில் தெரிந்தது. ஒருவர் எழுத்து கோழிக் கிறுக்கல், இன்னொருவருக்கு முத்து முத்தான எழுத்து. நாலு பேரும் அதே இடத்தில் விட்டிருந்தார்கள். ஒரு வருடம் பக்கம் பதினாறோடு முடிந்துபோயிருந்தது. புரட்டி எழுதும்போது பதினேழை மறந்துவிட்டுப் பதினெட்டில் தொடங்குவது எவ்வளவு எளிது. அந்த மனிதர் அடுத்த பக்கத்தின் தலையில் பதினேழு என்று எழுதி, ஒரு முழு வரி இடம் விட்டு, அதற்குக் கீழேதான் தொம்மையை எழுதியிருந்தார்.

அன்றாட நோட்டும் கட்டில் இருந்தது, எந்த முறையில் யார் மடி இறக்கினார்கள், என்ன மீன் பட்டது என்று. வரிசை சுற்றிச் சுற்றிப் பதினேழுக்கு வரும்போதெல்லாம் ஒரே வாசகம்: பதினேழு, மடி இறங்கவில்லை. நல்ல மீன்பாடு உள்ள மாதத்தில் பதினாறாம் முறையிலும் பதினெட்டாம் முறையிலும் கூடை கூடையாகச் சாளையும் நெத்திலியும் பட்டிருக்கின்றன. நடுவில் பதினேழு, மடி இறங்கவில்லை. அந்த முறைக்கு ஊரே கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றிருக்கிறது. முப்பத்தொரு வருடமாக.

மேடம் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். எத்தனை மொழியில் எத்தனை சொல்லைப் பொறுக்கி வைத்திருந்தோம். அந்த ஊர் ஒரு சொல்கூட எழுதாமல் ஒரு மனிதரை வெளியே வைத்திருக்கிறது, அவர் இடத்தையும் அப்படியே வைத்திருக்கிறது. அதை ஊர்க்காரர்களுக்கு எண்ணத் தெரியவில்லை என்று மூடினவன் நான் என்பது வந்து அறைந்தது.

"மிக்கேல்ட்ட கேப்பமா மேடம், இதுக்கு என்ன அர்த்தம்னு?"

"கேக்கக் கூடாது. அர்த்தம் நமக்குத் தெரிய வேண்டாம் பாய். அவங்க இடம் விட்டிருக்காங்க, நாமளும் விடணும்." கொஞ்சம் கழித்துப் பைய எழுந்தார். "முதல் கட்டு போயிட்டுதோ?"

"போயிட்டு."

"திரும்ப வாங்கணும். தப்பு நம்மதுன்னு எழுதிக் குடுக்கணும்."

"என்னோடதுன்னு எழுதுதேன். நீங்க ஊர்ல இல்ல."

"அலுவலகம் என்னோடது" என்றார். கடிதத்தில் இரண்டு கையெழுத்து விழுந்தது. எங்கள் நல்ல பெயருக்கு அது ஒரு தழும்புதான். அதற்குப் பிறகு இரண்டு வக்கீல்கள் எங்களிடம் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

மிக்கேலின் வக்கீல் முதலில் சலித்துக்கொண்டார். "வெறும் எண்ணுக்கா பாய் இவ்வளவு பாடு?" என்றார். புதிய தாள்களைப் புரட்டினார். நாலைந்து தாள் தாண்டியதும் புரட்டுவதை நிறுத்தினார். மிக்கேலைப் போன் போட்டு வரவழைத்தார். வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டபடியே வந்து நின்ற அந்த மனிதர், அப்பா பெயரைத் தேடித் தேடி இத்தனை நாள் அந்தப் பக்கங்களைப் பார்த்தவர். பெயர் இல்லை என்று மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருந்தது.

"இது எங்க அப்பா எண்ணு" என்றார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மேல்முறையீட்டில் நீதிபதி கேட்ட முதல் கேள்வியே பதினேழில் யார் என்பதுதானாம். கமிட்டியின் வக்கீலுக்குப் பதில் தெரியவில்லை. சமரசம் பேசிப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். அந்தப் பேச்சுக்கு ஊரிலிருந்து ராயப்பன் என்ற பெரியவர் வந்தார். வருடா வருடம் முறை வாசிப்பவர் அவர்தான். நோட்டை நாங்கள்தான் மொழிபெயர்த்தோம் என்பதால் எங்களையும் ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள்.

"விலக்கலேன்னு சொல்லுதீங்க. அப்புறம் ஏன் அந்த எண்ணுல பேரு இல்ல?" என்று சமரசம் பேசியவர் கேட்டார்.

"விலக்கலதான் சொல்லுதோம். விலக்கிருந்தா அந்த முறைய அடுத்தவனுக்குக் குடுத்திருப்போம்லா" என்றார் ராயப்பன். "அது சூசை எண்ணு. அதுல வேற ஆள எழுத எங்களுக்குக் கை வருமா?"

"அப்படின்னா சூசை பேரையே எழுதிருக்கலாமே."

பெரியவர் தன் கைகளைப் பார்த்தார். "அவன் வந்து தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுவான்னு நாங்க இருந்தோம். நாங்க போய்க் கூப்பிடுவோம்னு அவன் இருந்திருப்பான். செத்துப்போனான்னு கேள்விப்பட்டப்ப எனக்கு வெக்கமாப் போச்சு. எந்த மொகத்த வச்சிட்டு வர?" என்றார். எதிரே உட்கார்ந்திருந்த மிக்கேல், அப்பா சார்பாக அந்த ஒரு வார்த்தையைச் சொன்னார். பெரியவர் வேண்டாம் என்று கையை அசைத்தார். பேச்சு அத்தோடு முடிந்தது. வக்கீல்கள்தான் அதை எழுத ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த திருவிழாவுக்கு மிக்கேல் எங்களை அழைத்திருந்தார். மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் ஊர் முழுக்கக் கரைக்கு வந்தது. நானும் மேடமும் பெண்கள் பக்கம் ஒரு வள்ளத்தின் நிழலில் நின்றுகொண்டோம். ராயப்பன் நோட்டைத் திறந்து வைத்திருந்தார், ஆனால் அதைப் பார்க்கவில்லை. எண்ணையும் பெயரையும் சொல்லுவார். அந்த வீட்டு ஆள் "உண்டு" என்று பதில் கொடுக்க வேண்டும். அடுத்த எண் வரும்.

பத்தாவது எண்ணைத் தாண்டும்போது பக்கத்தில் நின்ற அம்மா ஒருத்தி எங்களிடம் மெதுவாகச் சொன்னாள். "எல்லா வருசமும் பதினேழுன்னு கூப்பிட்டுட்டு அப்படியே நிப்பாவ. ஒருத்தரும் பேச மாட்டோம். பொறவு பதினெட்டும்பாவ."

நோட்டில் அது இல்லை. எங்கள் ஒப்புநோக்கலுக்கு அகப்படாத இடம்.

"எவ்வளவு நேரம் நிப்பாரு?" என்று மேடம் கேட்டார்.

"ஒரு ஆளு பதில் சொல்லுத நேரந்தான்."

மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தனை வருடத்தில் அப்படிச் செய்தவரே இல்லை.

"பதினாறு, கஸ்பார்."

"உண்டு."

"பதினேழு" என்றார் ராயப்பன். "சூசை."

மிக்கேல் முன்வரிசையில் புதுச் சட்டையோடு நின்றிருந்தார். அவருக்கு வாய் திறக்கவே இல்லை. பின்னால் நின்ற ஒருவர் முதுகில் தட்டினார். "உண்டு" என்றார் மிக்கேல், தொண்டைக்குள்ளேயே.

பெரியவர் பதினெட்டைச் சொல்ல வாயைத் திறந்தவர் சொல்லாமல் நின்றார். நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்தார். மணலில் நாலு எட்டு நடந்துவந்து மிக்கேலின் எதிரே நின்றார்.

"ஏலே, சத்தமாச் சொல்லு" என்றார். "முப்பத்தொரு வருசமா நான் காதத் தீட்டிட்டு நிக்கேன்."